பார்த்தியர் கல்லறைகளில் ஆயுதங்கள்: மறைநூலும் மரபும்

பார்த்தியப் பேரரசு கி.மு. 247 முதல் கி.பி. 224 வரை நீடித்தது. அக்காலக் கல்லறைகள் பலவற்றில் இறந்தவரோடு ஆயுதங்களும் புதைக்கப்பட்டுள்ளன. வடக்கு ஈரானின் தைலமான் மலைப்பகுதியில், நோருஸ்மஹலே, கோரம்ருத் ஆகிய இடங்களில் டோக்கியோ பல்கலைக்கழகக் குழு 1960இல் அகழாய்வு செய்தது. இப்பகுதிக் கல்லறைகளில் இரும்பு வாள், குறுவாள், ஈட்டிமுனை ஆகியவை கிடைக்கின்றன. பார்த்தியருக்குப் புகழ் தேடித்தந்த வில் மண்ணில் மட்கிவிடும் என்பதால் அரிதாகவே எஞ்சுகிறது. யூப்ரடீஸ் ஆற்றங்கரையில், டூரா யூரோப்போஸ் அருகே யர்சி கல்லறையில் கிடைத்த வில் அத்தகைய அரிய சான்று. மரத்தோடு கொம்பும் விலங்கின் தசைநாரும் சேர்த்து ஒட்டிய கூட்டுவில் அது.

இந்த ஆயுதங்கள் ஒரு சமய வினாவை எழுப்புகின்றன. ஈரானிய மக்களிடையே வேரூன்றியிருந்த ஜொராஸ்டிரிய சமயத்தில் மண் புனிதமானது, பிணம் தீட்டு. பிணத்தை மண்ணில் புதைப்பதை அச்சமயத்தின் மறைநூலான அவெஸ்தாவின் ஒரு பகுதியாகிய வெந்திதாத் பாவம் என்கிறது. பிணத்தின்மீது சிறிதளவு நூலிழையைக்கூட வீணாக்கக் கூடாது என்பது அதன் ஐந்தாம் பிரிவின் விதி. பதினான்காம் பிரிவு ஈட்டி, வாள், கதை, வில், முப்பது அம்புகள், கவசம் என்று போர்வீரனின் கருவிகளைப் பட்டியலிடுகிறது. அவை பாவத்துக்குக் கழுவாயாக, உயிரோடிருக்கும் சான்றோருக்குக் கொடுக்க வேண்டியவை. இறந்தவரின் ஆன்மா மூன்று இரவுகள் உடலருகே தங்கி, பின்னர் சின்வத் பாலத்தை அடையும். அங்கே எடைபோடப்படுவன எண்ணம், சொல், செயல் ஆகியவையே. வாளுக்கு அங்கே வேலையில்லை.

பார்த்தியர் இச்சமயத்துக்கு அந்நியர் அல்லர். அவர்களின் பழைய நகரமான நிசாவில் கிடைத்த, மட்பாண்ட ஓடுகளில் எழுதப்பட்ட குறிப்புகளில் ஜொராஸ்டிரிய மாதப் பெயர்கள் உள்ளன. பறவைகளும் நாய்களும் பிணத்தைத் தின்றபின் எஞ்சிய எலும்புகளை மண்ணிட்டு மூடுவதே பார்த்தியர் வழக்கம் என்று ரோம எழுத்தாளர் ஜஸ்டின் குறிப்பிடுகிறார். ஆனால் அவர்களின் அரசர்களுக்குக் கல்லறைகள் இருந்தன. கி.பி. 216இல் ரோமப் பேரரசர் காரகல்லா அர்பேலாவிலிருந்த அரச கல்லறைகளை உடைத்து எலும்புகளைச் சிதறடித்ததாக ரோம வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதியுள்ளார்.

இம்முரணுக்கு மூன்று விளக்கங்கள் பொருந்தும். முதலாவது, அவெஸ்தா எழுத்தில் பதிவானது பார்த்தியருக்குப் பின் ஆண்ட சாசானியர் காலத்தில்தான். பார்த்தியர் காலத்தில் அதன் விதிகள் எங்கும் ஒரே கட்டாயத்தோடு நடைமுறையில் இருந்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவது, பேரரசில் பல தெய்வ வழிபாடுகளும் பல ஈமமுறைகளும் அருகருகே நிலவின. மூன்றாவது, காஸ்பியன் மலைநாட்டில் ஆயுதத்தோடு புதைக்கும் வழக்கம் பார்த்தியருக்கு முந்தியது. அம்மலைநாட்டின் கீலான் பகுதியிலுள்ள பழைய மார்லிக் கல்லறைகள் அதற்குச் சான்று.

ஆகவே, கல்லறையில் வாள் இருப்பதைக் கொண்டு மறுமையிலும் போர் உண்டு என்று அம்மக்கள் நம்பியதாக முடிவுகட்ட இயலாது. இறந்தவர் வாழ்ந்தபோது யாராக இருந்தார் என்பதைச் சுற்றத்தார் அறிவிக்கும் செயலாகவும் அது இருக்கலாம். ஒரு சமயத்தை அறிய மறைநூலை மட்டும் படித்தால் போதாது. அம்மக்கள் தம் இறந்தோரை எவ்வாறு அனுப்பிவைத்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.