நிலவில் எதை விட்டுவிட்டு வரலாம்?

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர்கள் செய்த ஐரிஸ் என்ற நிலவு ஊர்தியின் சக்கரங்கள் சோடா மூடி வடிவில் கார்பன் இழையால் ஆனவை. மொத்த எடை சுமார் இரண்டு கிலோதான். 2024 ஜனவரி 8 அன்று பெரிகிரின் என்ற விண்கலத்தில் ஏறிக் கிளம்பியது. கலத்தில் எரிபொருள் கசிந்ததால் நிலவில் இறங்க முடியவில்லை. பத்து நாள் கழித்து பசிபிக் கடலுக்கு மேலே எரிந்துபோனது.

அதே கலத்தில், தனியார் நிறுவனங்கள் காசு வாங்கிக்கொண்டு ஏற்றிய, இறந்தவர்களின் சாம்பலும் இருந்தது. அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ மக்களின் தலைவர் பூ நைக்ரன் முன்கூட்டியே நாசாவுக்குக் கடிதம் எழுதினார்: நிலவு எங்களுக்குப் புனிதம், அதில் சாம்பலை வைக்காதீர்கள் என்று. 1998-இல் விஞ்ஞானி யூஜின் ஷூமேக்கரின் சாம்பல் நிலவுக்குப் போனபோதும் அவர்கள் இதையேதான் சொன்னார்கள். இனிமேல் கலந்து பேசுவோம் என்று நாசா அப்போது வாக்குக் கொடுத்திருந்தது.

பொறியியல் கல்லூரியில் ரோவர் போட்டிக்கு மாணவர்களைத் தயார்செய்பவன் நான். எம்-சாண்ட் கொட்டிய தொட்டியில் வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ ஐரிஸும் அங்கே போய்க் குப்பையாத்தானே சார் கிடந்திருக்கும்?"

நியாயமான கேள்வி. சில நாள் ஓடிவிட்டு அங்கேயே நின்றுவிடத்தான் அதைச் செய்தார்கள். நம் நாட்டின் பிரக்யான் ஊர்தியும் அங்கேதான் நிற்கிறது.

என் அம்மா மூன்றாம் பிறையைப் பார்த்தால் கை கூப்பாமல் உள்ளே வரமாட்டார். அந்த நிலவு மண்ணுக்கு ஈடான மண்ணை இஸ்ரோ செய்துகொண்டது, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையைப் பொடித்து. ஆகவே புனிதம் கல்லில் இல்லை என்பது என் எண்ணம். கும்பிடுகிறவருக்கும் நிலவுக்கும் நடுவே இருக்கிற உறவில் இருக்கிறது அது. சக்கரத் தடம் பட்டால் அந்த உறவு அறுந்துவிடாது. அறிய வேண்டும் என்ற தவிப்போடு போகிறவன் நிலவைச் சிறுமைப்படுத்துவதில்லை. சாம்பல் விஷயம் அப்படியல்ல. இறந்தவரை நினைத்து அழும் குடும்பத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. எல்லோருக்குமான வானத்தில் காசுக்கு இடம் விற்றதும், கும்பிடுகிறவர்களை ஒரு வார்த்தை கேட்காததும்தான் பிழை.

ரோவர் செய்யும் மாணவர்களே, உங்கள் வடிவமைப்பு அறிக்கையில் எடை, பேட்டரி, மோட்டார் பற்றியெல்லாம் எழுதுகிறீர்கள். வண்டி நின்ற பிறகு அங்கே என்ன கிடக்கும், அதற்கு யாரிடம் கேட்டீர்கள் என்றும் ஒரு பக்கம் எழுதுங்கள்.