கலை நேர்மையும் சந்தையும்: புகைப்படக் கலையை முன்வைத்து ஒரு நோக்கு

கலைஞன் யாருக்குக் கடமைப்பட்டவன் என்னும் வினா மிகப் பழமையானது. புரவலனை நாடிச் சென்ற புலவனும், கோயிற் சுவரில் வண்ணந் தீட்டிய ஓவியனும், மேடையேறிய கூத்தனும் ஏதோவொரு வகையில் இவ்வினாவை எதிர்கொண்டே வந்துள்ளனர். எனினும், புகைப்படத்தைப் பொறுத்தவரை இது தனிக் கூர்மை பெறுகின்றது. ஏனைய கலைகளுட் பல சடங்கிலும் வழிபாட்டிலும் வேரூன்றி வளர்ந்து, பின்னரே சந்தையை வந்தடைந்தன. புகைப்படமோ பிறக்கும்போதே சந்தையிற் பிறந்தது. 1839 இல் டாகேரின் முறை பாரிசிற் பகிரங்கமாக்கப்பட்ட சில ஆண்டுகளுள் ஐரோப்பிய நகரங்களெங்கும் உருவப்பட நிலையங்கள் முளைத்தன. 1854 இல் டிஸ்டேரி என்பவர் ஒரே தட்டிற் பல சிறு படங்களைப் பதியும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் பிரபலமானோரின் உருவங்கள் சிறு அட்டைகளாகிக் கடைகளில் விலைபோயின.

இத்தகைய பிறப்புடைய ஒன்று கலையாகுமா என்னும் ஐயம் விரைவிலேயே எழுந்தது. பிரெஞ்சுக் கவிஞர் போதலேயர் 1859 இல், ஓவியக் கண்காட்சியொன்றைப் பற்றி எழுதுகையில், புகைப்படம் கலைக்கும் அறிவியலுக்கும் ஏவல் செய்யலாமேயன்றிக் கற்பனையின் எல்லைக்குள் நுழையலாகாது என வாதிட்டார். ஆகவே, புகைப்படத்தைக் கலையாகக் கொண்டோர் இரு முனைகளில் நெருக்குண்டனர். ஒருபுறம் வாங்குவோரின் விருப்பம். மறுபுறம் விமர்சகரின் தீர்ப்பு. இவ்விரண்டையும் புறக்கணிப்பவனே நேர்மையான கலைஞன் என்பது பொதுவாக நிலவும் கருத்தாகும். இக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை இருவரின் வாழ்க்கையைக் கொண்டு ஆராயலாம்.

முதலாமவர் ஜூலியா மார்கரட் கமரன். ஈழத்து வரலாற்றைக் கற்றோர் கோல்புறூக்-கமரன் ஆணைக்குழுவை அறிவர். அக்குழுவின் உறுப்பினரான சார்ள்ஸ் ஹே கமரனின் துணைவியாரே இவர். 1815 இல் கல்கத்தாவிற் பிறந்த இவர், 1863 இன் இறுதியில், தமது 48 ஆவது வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கமராவைக் கொண்டே இத்துறையிற் கால்வைத்தார். வைட் தீவிலிருந்த தமது வீட்டுக் கோழிக்கூட்டைப் படப்பிடிப்பு அறையாக்கினார். கவிஞர் தெனிசன், வானியலறிஞர் ஹேர்ஷல், டார்வின், கார்லைல் ஆகியோர் அவரது கமராவின் முன் அமர்ந்தனர். முகத்தை அண்மையில் நின்று, பெரிதாக, மென்மையான குவியத்திற் பதிந்த அப்படங்கள் அக்கால வழக்கத்துக்கு முற்றிலும் புறம்பானவை.

விமர்சகர் அவற்றைப் பொறுத்துக்கொள்ளவில்லை. இலண்டன் புகைப்படச் சங்கத்தின் இதழ், படங்களின் தெளிவின்மையையும் தொழிற் குறைபாடுகளையும் கடுமையாகச் சாடியது. கமரன் தமது குவியத்தை மாற்றவில்லை. எது முறையான குவியம் என்று தீர்மானிக்கும் உரிமை எவருக்குண்டு என்பதே ஹேர்ஷலுக்கு அவர் எழுதிய கடிதத்தின் கருத்தாகும். இதனைக்கொண்டு அவர் விமர்சனத்தை முற்றாக ஒதுக்கினார் எனக் கொள்வது தவறாகும். 1869 இல் தமது கண்ணாடித் தட்டுகளில் வெடிப்புகள் தோன்றிப் பல படங்கள் பாழானபோது, தம்மைக் குறைகூறிய அதே சங்கத்திடம் அவர் ஆலோசனை நாடினார். மென்மையான குவியம் அவரது தெரிவு. தட்டின் வெடிப்பு அவரது குறை. தெரிவை அவர் விட்டுக்கொடுக்கவில்லை, குறையை மறைக்கவுமில்லை. தன் படைப்பிலுள்ள குறை எதுவென அறியாத கலைஞன் பிடிவாதக்காரன். தன் தெரிவு எதுவென அறியாதவன் பிறர் கைப்பொம்மை. விமர்சனத்தின்பால் ஒரு கலைஞன் கொள்ளவேண்டிய மனப்பாங்கு இவ்விரண்டுக்கும் இடையிலேயே உள்ளது.

சந்தையை நோக்கிய அவரது போக்கும் சிந்தனைக்குரியது. படங்களுக்குப் பதிப்புரிமை பதிந்தார். கொல்நாகி நிறுவனத்தின் மூலம் விற்பனை செய்தார். 1865 இல் தென் கென்சிங்ரன் நூதனசாலை அவரது படங்களை வாங்கியது. பிரமுகர்களின் கையொப்பம் படத்தின் விலையை உயர்த்தும் என்பதையறிந்து அதனைப் பெற்றுக்கொண்டார். ஆயின், விலைபோகும் என்பதற்காக அக்கால நிலையங்களின் கூரிய, முழு உருவ, திரைச்சீலைப் பின்னணிப் படங்களை அவர் எடுக்கவில்லை. படத்தை விற்றார், படம் எடுக்கும் முறையை விற்கவில்லை.

இவ்வளவில் ஆராய்ச்சியை நிறுத்துவோர் கமரனைக் கலை நேர்மையின் முன்மாதிரியாகப் போற்றி அமைவர். ஆனால், இங்கு இன்னொரு வினா எழுகின்றது. சந்தைக்கு வளையாதிருக்கும் வசதி அவருக்கு எங்கிருந்து கிடைத்தது? கமரன் குடும்பத்தின் பொருளாதாரம் பெரிதும் இலங்கையிலிருந்த கோப்பித் தோட்டங்களைச் சார்ந்திருந்தது. அக்காலக் கோப்பித் தோட்டங்களோ தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பிலேயே நிலைபெற்றிருந்தன. வைட் தீவின் கண்ணாடி அறையில் ஒரு கலைஞர் எவருக்கும் அடிபணியாமற் படமெடுத்தார் எனின், அச்சுதந்திரத்தின் ஒரு பங்கை மலைநாட்டிற் கோப்பிப் பழம் பறித்த கைகள் ஈட்டிக்கொடுத்தன. சந்தையினின்றும் விடுபட்டதாகத் தோன்றும் கலை, பல வேளைகளில், கண்ணுக்குத் தெரியாத வேறொரு சந்தையின் தயவில் வாழ்கின்றது.

தோட்டமெதுவும் இல்லாத கலைஞனின் நிலை யாது? இரண்டாமவரான எயுஜீன் அற்ஜே இவ்வினாவுக்கு விடையாகின்றார். 1857 இல் பிரான்சிற் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, கப்பலிலும் நாடக மேடையிலும் வேலைபார்த்த இவர், பின்னர் பாரிசிற் புகைப்படத்தைத் தொழிலாகக் கொண்டார். கலைஞருக்கான ஆவணங்கள் என்பதே அவரது விளம்பரப் பலகை. ஓவியருக்கும் நூலகங்களுக்கும் நூதனசாலைகளுக்கும் தெருக்கள், வாயிற்கதவுகள், கடை முகப்புகள், படிக்கட்டுகள் ஆகியவற்றின் படங்களை விற்று வாழ்ந்தார். 1920 இல் 2,621 கண்ணாடித் தட்டுகளைப் பிரெஞ்சு அரசுக்குப் பத்தாயிரம் பிராங்குக்கு விற்றார். 1926 இல் மிகையதார்த்தவாதிகள் தமது சஞ்சிகையில் அவரது படங்களை வெளியிட விரும்பியபோது, தமது பெயரைக் குறிப்பிட வேண்டாமெனக் கேட்டுக்கொண்டார். அவை வெறும் ஆவணங்களே என்பது அவரது நிலைப்பாடு. 1927 இல் அவர் இறந்தபின், எஞ்சியவற்றைப் பெரெனிஸ் அபற் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் காப்பாற்றினார். 1968 இல் அத்தொகுதியை நியூயோர்க் நவீன கலை நூதனசாலை வாங்கியது.

அற்ஜே ஒருபோதும் சந்தைக்கு எதிராக நிற்கவில்லை. ஒவ்வொரு படமும் எவரேனும் ஒருவர் வாங்கக்கூடிய பொருளாகவே எடுக்கப்பட்டது. எனினும், வாங்குவோன் கேட்டது ஒரு கதவின் வேலைப்பாட்டை மட்டுமே. அற்ஜே கொடுத்ததோ அக்கதவின்மீது விழுந்த விடியற்காலை ஒளியையும் சேர்த்து. கேட்டதற்குக் குறையாமலும், கேட்டதோடு நில்லாமலும் கொடுப்பதே வணிகத்துக்குள் நின்று கலைஞன் பேணக்கூடிய நேர்மை எனலாம். கலை என்னும் உரிமைகோரலின்றியே கலை சாத்தியமாகும் என்பதை அவரது வாழ்க்கை உணர்த்துகின்றது.

இவ்விருவரையும் ஒப்புநோக்குமிடத்து, விற்பனையோ விமர்சனமோ தன்னளவிற் கலை நேர்மைக்குப் பகையன்று என்பது புலனாகும். ஆயின், கலைஞன், வாங்குவோன், விமர்சகன் என்ற மூவருக்குள் இப்பிரச்சினையை அடக்கிவிட முடியாது. கமராவின் முன் நிற்கும் நாலாமவர் ஒருவர் உளர்.

1875 இல் கமரன் குடும்பம் இங்கிலாந்தை விட்டு இலங்கையிற் குடியேறியது. களுத்துறையில் வாழ்ந்த காலத்தில் ஜூலியா கமரன் சில படங்களையே எடுத்தார். இங்கு அவருக்குச் சந்தையுமில்லை, குறைகூறும் சங்கமுமில்லை. பொதுக் கருத்தின்படி, இதுவே பூரண சுதந்திரத்தின் காலமாக இருந்திருத்தல் வேண்டும். அவரைக் காணவந்த ஓவியர் மரியான் நோர்த் தமது நினைவுக் குறிப்பில் ஒரு செய்தியைத் தருகின்றார். உள்ளூர்வாசி ஒருவரின் முதுகின் அழகில் கமரன் மனதைப் பறிகொடுத்தாராம். தோட்டமே இல்லாத வீட்டுக்கு அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம். இச்செய்தி நகைச்சுவையாகவே கூறப்பட்டுள்ளது. ஆயினும், அம்மனிதரின் முதுகு நினைவுக் குறிப்பில் இடம்பெற்றது, பெயர் இடம்பெறவில்லை.

1878 ஆம் ஆண்டுப் படமொன்று களுத்துறை விவசாயிகள் குழு என்று தலைப்பிடப்பட்டுள்ளது. தெனிசனின் படத்தைத் தெனிசன் என்றே அழைத்தவர், மரியன்னையாக வேடம் புனைந்த தம் பணிப்பெண்ணின் பெயரையேனும் வரலாற்றுக்கு விட்டுச்சென்றவர், இவர்களை ஒரு குழுவாக மட்டுமே கண்டார். அப்படத்தில் அழகில்லை என்று கூறமுடியாது. அவர்களின் பார்வையிற் பெருமிதமும் உண்டு. ஆனால், அப்பெருமிதம் அவர்கள் கொண்டுவந்தது. கமரா அவர்களுக்கு ஈந்ததன்று. அது காலனித்துவச் சூழலின் விளைவு, தனியொருவரைக் குறைகூறலாகாது என்று வாதிடுவோர் உளர். சூழல் காரணத்தை விளக்கலாம், கடமையை நீக்கிவிடாது. வாங்குவோனும் விமர்சகனும் பேசத் தெரிந்தவர்கள். தம் உரிமையைக் கேட்டுப்பெறுவார்கள். படத்துள் நிற்பவர் பேசுவதில்லை. ஆகவே, அவர்பாலுள்ள கடமையைக் கலைஞன் தானே நினைவிற்கொள்ள வேண்டியவனாகின்றான். சந்தைக்கு அஞ்சாதவரும் விமர்சகருக்கு வளையாதவரும் இவ்விடத்திற் சறுக்கலாம் என்பதற்குக் கமரனே சான்று.

1879 சனவரி 26 இல் ஜூலியா கமரன் மலைநாட்டிற் காலமானார். பொகவந்தலாவையிலுள்ள சிறு தேவாலயத்தின் அருகில் அவரது கல்லறை உள்ளது. கல்லில் அவரது பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றது. சுற்றியுள்ள மலைகளிற் கோப்பி அழிந்து தேயிலை வளர்ந்துவிட்டது. களுத்துறையில் அவர்முன் நின்றவர்களின் முகங்கள் மேனாட்டு நூதனசாலைகளிற் பேணப்படுகின்றன. அம்முகங்களுக்குரிய பெயர்களைக் கேட்க அன்று ஒரு கணமே போதுமாயிருந்தது. அதனைக் கேட்குமாறு வாங்குவோரும் வற்புறுத்தவில்லை, விமர்சகரும் நினைவூட்டவில்லை. கேட்டிருக்க வேண்டியவர் கலைஞர் ஒருவரே.