படியளப்பா, உரிமையா? போர்க்காலப் பங்கீடு பற்றிய ஓர் அறவியல் நோக்கு

போரறம் பற்றிய சிந்தனை தமிழர்க்குப் புதியதன்று. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், அம்புகள் பாயுமுன்னர்ப் போருக்குரியரல்லாதார் காப்பிடம் சேருமாறு முன்னறிவிக்கும் நெறியைப் புறநானூற்றின் 9 ஆம் பாடலிற் போற்றியுள்ளார். போர் புரிவோரின் களம் வேறு, ஏனையோரின் வாழ்வு வேறு என்ற எண்ணம் அவ்வறிவிப்பின் பின்னே நிற்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் பெரும் போர்கள் இவ்வேறுபாட்டைப் பெரிதும் அழித்துவிட்டன. உழவனின் நெல்லும், தோட்டத் தொழிலாளி வெட்டிய றப்பர்ப் பாலும், ஆலையிற் புகுந்த பெண்ணின் உழைப்பும் படைக்கலங்களைப் போலவே போருக்கு இன்றியமையாதனவாயின. போர்முனை காணாத மக்களிடமிருந்தும் அரசு உழைப்பைக் கோரியது. உணவைக் குறைத்துக்கொள்ளுமாறும் கோரியது. அங்ஙனம் கோரும் அரசிடம் அம்மக்கள் எதனைக் கோரலாம் என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

இவ்வினாவைத் தெளிவுறக் காண்பதற்குத் திருகோணமலை மாவட்டம் ஏற்றதொரு களமாகும். அங்கே துறைமுகமும் கந்தளாய்க் குளமும் ஏறக்குறைய 40 கிலோமீற்றர் இடைவெளியில் அமைந்துள்ளன. கடலாதிக்கம் வேண்டிய வல்லரசுகள் யாவும் துறைமுகத்தை நாடின. குளமோ உழவரை நாடச் செய்தது. குளக்கோட்டன் இக்குளத்தைக் கட்டிக் கோணேசர் கோயிலுக்குரிய வயல்களுக்கு நீர் வழங்கினான் என்பது தமிழர் மரபு. இரண்டாம் அக்கபோதி மன்னனின் பணி என்பது பாளி வரலாற்று நூல் மரபு. யார் கட்டியதாயினும், பல நூற்றாண்டுகளாகச் சோறளித்த நீர்நிலை அது என்பதில் ஐயமில்லை.

1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சு 8 இல் இரங்கூன் வீழ்ந்தது. முதலாவது வீழ்ச்சி திருகோணமலைத் துறைமுகத்தின் மதிப்பை உயர்த்தியது. இரண்டாவது வீழ்ச்சி இலங்கையின் அடுப்படியைத் தாக்கியது. நாடு உண்ட அரிசியிற் பெரும்பகுதி இறக்குமதியாகவே வந்தது, அதிலும் பர்மாவே முதன்மையானது. ஏப்பிரல் 5 இல் கொழும்பும், 9 இல் திருகோணமலையும் சீனன்குடாவும் யப்பானிய விமானங்களின் தாக்குதலுக்குள்ளாயின. ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. துறைமுகத் தொழிலாளர் பலர் குடும்பத்தோடு ஊரைவிட்டு நீங்கினர். இப்போரைத் தொடங்குவது பற்றியோ தொடர்வது பற்றியோ அவர்களை எவரும் கேட்டதில்லை என்பதை நினைவிற்கொண்டால், அவர்களைக் கோழைகளென்று பழித்தல் பொருந்தாது.

அவ்வாண்டிலேயே அரிசிப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. ‘கூப்பன்’ என்ற சொல் தமிழர் வீடுகளில் அன்றாட வழக்காயிற்று. கூட்டுறவுப் பண்டகசாலைகள் பல்கின. கோதுமை மாவும் பாணும் சோற்றின் இடத்தைப் பகிர்ந்துகொண்டன. உழவரிடமிருந்து விளைச்சலின் ஒரு பகுதியை அரசு குறித்த விலைக்குக் கொள்முதல் செய்தது. கந்தளாய் போன்ற உலர்வலயக் குளங்களின் கீழுள்ள நிலங்கள் நாட்டின் உணவுக் கணக்கிற் புதிய முக்கியத்துவம் பெற்றன. பணமுள்ளவனும் இல்லாதவனும் அட்டையொன்றைக் காட்டி அளவறிந்து அரிசி பெற்ற இந்நிலை, அமைதிக்காலம் அறியாத ஒரு சமத்துவமாகும். கறுப்புச் சந்தை இருந்ததும், அளவுகள் குறுகியதும், பலர் அரைவயிறு உண்டதும் உண்மையே. எனினும் பட்டினிச் சாவு நாட்டைச் சூறையாடவில்லை.

அதே பர்மாவின் வீழ்ச்சி வங்காளத்தையும் தாக்கியது. அங்கே 1943 ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் இருபது இலட்சத்துக்கும் முப்பது இலட்சத்துக்கும் இடைப்பட்ட மக்கள் மாண்டனர் என ஆய்வாளர் மதிப்பிடுவர். எதிரிக்குப் பயன்படலாகாதென்று கரையோரக் கிராமங்களின் படகுகள் முன்னரே பறிக்கப்பட்டிருந்தன. கல்கத்தாவின் போர்த்தொழில்களில் ஈடுபட்டோர்க்கு உணவு முதலிடம் பெற்றது. கிராமத்துக் கூலியாளும் மீனவனும் விலையேற்றத்தின் முன் கைவிடப்பட்டனர். 1981 இல் வெளிவந்த தமது ஆய்வில் அமர்த்தியா சென், உணவின் அளவைக் காட்டிலும் உணவைப் பெறும் உரித்து எவரிடம் இருந்தது என்பதே இப்பஞ்சத்தின் திறவுகோல் என நிறுவினார்.

இலங்கை தப்பியதேன்? 1931 முதல் இங்கு சர்வசன வாக்குரிமை நிலவியது. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சர்கள் வாக்காளரின் பசிக்கு விடை கூறவேண்டியிருந்தது. வங்காளத்திலும் அமைச்சரவை இருந்ததெனினும் வாக்குரிமை சிலர்க்கே உரியதாயிருந்தது. ஆயினும் இக்காரணத்தோடு நின்றுவிடுதல் நேர்மையாகாது. இலங்கை சிறிய நாடு. சிங்கப்பூருக்குப் பின் அதன் துறைமுகங்கள் பேரரசுக்கு உயிர்நிலையாயின. மலாயா பறிபோனபின் நேச நாடுகளுக்கு இயற்கை றப்பரின் தலையாய ஊற்று இத்தீவே. அவ்வாறாயின், இம்மக்கள் உரிமையுடையோராதலின் ஊட்டப்பட்டனரா, பயன்படுவோராதலின் ஊட்டப்பட்டனரா?

ஆண்டான் தன் பண்ணையாளுக்கு நெல் அளந்து கொடுப்பதைப் படியளத்தல் என்பர். ஆளின் உழைப்பு வேண்டியிருக்கும்வரை படி அளக்கப்படும், வேண்டாதபோது நின்றுவிடும். படி எத்துணைப் பெரிதாயினும் அது உரிமையாகாது. போர்க்காலப் பங்கீட்டின் அறமதிப்பு, அது படியளப்பாக நின்றதா, உரிமையாக மலர்ந்ததா என்பதைப் பொறுத்ததாகும்.

செல்வம் மிக்க அமெரிக்காவிலும் இவ்வினா எழுந்தது. 1942 சனவரியில் அங்கே முதன்முதலிற் பங்கீட்டுக்குள்ளான பொருள் வாகன ரயர். பின்னர்ப் பெற்றோல் நாடெங்கும் பங்கிடப்பட்டதும் பெரும்பாலும் றப்பரைச் சேமிக்கும் பொருட்டே. ஆலைகளிற் புகுந்த பெண்கள் நாட்டைக் காப்போரெனப் போற்றப்பட்டனர். 1945 இற்குப் பின்னர் அவர்களுட் பலர் வேலையிழந்தனர். யப்பானிய வழித்தோன்றல்கள் ஏறத்தாழ 1,20,000 பேர், பெரும்பான்மையோர் பிறப்பாற் குடிகளாயிருந்தும், முகாம்களில் அடைக்கப்பட்டனர். அந்நாடு அதற்காக மன்னிப்புக் கோர 1988 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அமெரிக்கா தேடிய அந்த றப்பரை இலங்கைத் தோட்டங்களில் வெட்டியோருள் இந்திய வம்சாவளித் தமிழர் கணிசமானோர். மரங்கள் அழியுமளவுக்குப் பால் வெட்டுமாறு பணிக்கப்பட்ட அக்காலத்தில் அவர்களின் உழைப்பு உலகுக்கு வேண்டியிருந்தது. போர் முடிந்த மூன்றாண்டுகளில், 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. பயன் கருதி அளந்த படிக்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

மறுபுறத்தில், படியளப்பு உரிமையாக மாறியதற்கும் இந்நாட்டிலேயே சான்றுண்டு. 1953 இற் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12 இல் ஹர்த்தால் வெடித்தது. அவ்வாண்டிலேயே பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். போர் கொடுத்ததை மக்கள் தமதென்று கொண்டுவிட்டனர். திறைசேரியின் சுமையைக் கருதி இதனைக் குறைகூறுவாருளர். ஆனால் அட்டை பிடித்து வரிசையில் நின்ற மக்கள், தமது பசியைப் பற்றிய முடிவில் தமக்கும் பங்குண்டென்று அன்று உணர்த்தினர் என்பது மறுக்கவொண்ணாதது.

ஈண்டு ஒரு தடை எழலாம். எதிரி வாயிலில் நிற்கும்போது ஒவ்வொருவரின் இசைவையும் கேட்டிருக்க இயலுமா என்பர். இயலாதுதான். கட்டளையின் விரைவு போருக்குத் தேவை. ஆனால் விரைவுக்காகப் பின்தள்ளப்பட்ட விடை, பின்னரேனும் கூறப்படுதல் வேண்டும். உழைப்பைப் பெற்ற அரசு உழைத்தவனைக் குடியாக ஏற்றலும், குறையைப் பங்கிட்டோர் அக்குறையைத் தாமும் ஏற்றமையைக் காட்டலும் அவ்விடையின் இன்றியமையா உறுப்புகள். இவை இல்லாதவிடத்துத் தியாகம் என்ற சொல் பறித்தலுக்கு இட்ட அழகிய பெயராகிவிடும்.

பங்கீட்டுக் கருவி இருமுனையுடையது என்பதையும் நாம் மறத்தலாகாது. எவர்க்கு எவ்வளவு என்று எழுதும் பேனா, எவர்க்கு எதுவும் இல்லை என்றும் எழுதவல்லது. 1990 களில் வடக்கின் பகுதிகளுக்கு எரிபொருள், சீமெந்து, மின்கலம், உரம் முதலியன செல்வதைத் தடைப்பட்டியல்கள் மறித்தன. போர்க்காலக் குடிமகன் ஊட்டத்தக்க உழைப்பாளி என்ற நிலையிலிருந்து ஐயத்துக்குரியவன் என்ற நிலைக்கு இறங்கும்போது, அதே நிருவாகம் அவனை வாடச் செய்கின்றது. ஆதலின் பயனையும் நம்பிக்கையையும் அளவுகோலாகக் கொள்ளாது, பசிக்கும் உடலையே அளவுகோலாகக் கொள்ளும் பங்கீடே அறமாவது.

குறையைப் பகிர்வதற்குப் போரும் கட்டளையும் வேண்டியதில்லை என்பதைக் குளங்களே காட்டுகின்றன. பெருங்குளங்களின் கீழ் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர்ப் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடைபெறுகின்றது. இருக்கும் நீரை நோக்கி, எவ்வளவு நிலம் விதைப்பது, மதகை எந்நாளில் திறப்பது, எந்நாளில் மூடுவது என்பன உழவரும் அதிகாரிகளும் கூடிய அவையில் முடிவாகின்றன. அங்கே பூசல் உண்டு. செல்வாக்குடையோரின் குரல் ஓங்குவதும் உண்டு. எனினும் நீர் குறைந்த ஆண்டில் வாடப்போகும் வயலின் உரியவன் அவ்வவையில் எழுந்து பேசலாம். துறைமுகத்தைக் காக்க நடந்த போர் அவனுக்கு வழங்காத இடம் அது. பங்கீட்டில் அளவும் வேண்டும், அளவைக் கேள்வி கேட்கும் இடமும் வேண்டும். இரண்டாவது இல்லாத நாட்டில் குடிமகன் பெறுவது, நிறைந்த படியேயாயினும், படியளப்பே.