சேறும் இழிவும்

பிரிக்பீல்ட்ஸ் வீதிகளில் நண்பகலில் வாழையிலை விரித்துச் சோறிடுகின்றனர். உண்போர் பலர். அவ்வரிசியை நாற்றாய் நட்ட கையுடையானைத் தம்மோடு பந்தியில் அமர்த்த நம் முன்னோர் எத்தனை தலைமுறை மறுத்தனர்! அவன் சேற்றில் உழல்பவன், ஆதலின் தாழ்ந்தவன் என்றனர். இக்காரணம் மெய்தானா? இதனை ஆராயத் தஞ்சைக்குச் செல்ல வேண்டுவதில்லை. கிள்ளானிலிருந்து கடலோரமாக வடக்கே சென்றாலே போதும்.

கோலசிலாங்கூரைக் கடந்தால் தஞ்சோங் காராங். 1930-ஆம் ஆண்டுகளில் அங்கிருந்த சதுப்புக் காட்டை அழித்து, வாய்க்கால் வெட்டி, நீர் வடித்து வயலாக்கத் தொடங்கினர். குடியேறியோருள் மலாய்க்காரரும், ஜாவா, போர்னியோத் தீவுகளிலிருந்து வந்தோரும் இருந்தனர். சதுப்பு மண்ணோ குழைவானது. எருமையும் ஏரும் அமிழ்ந்துபோம். ஆதலின் அத்தகைய நிலத்தில் தாஜாக் என்னும் நீண்ட பிடியுள்ள வெட்டுக்கத்தியை வீசி, நீரில் நின்றபடியே களையைச் சீவுவர். அது அங்கேயே அழுகி உரமாகும். பின்னர் நாற்றைக் கையால் நடுவர். நம் பண்ணையாள் செய்த வேலையினும் இஃது எளிதன்று. ஆயின் அங்கே வயலுக்குரியவனே சேற்றில் நின்றான். அந்தியில் கால் கழுவிப் பள்ளிவாசலில் எல்லாரோடும் ஒரே வரிசையில் தொழுதான். அவனை எட்ட நில்லென்பார் எவருமிலர்.

அங்கே ஒட்டாத இழிவு தஞ்சையில் மட்டும் எங்ஙனம் ஒட்டிற்று? நிலத்தை ஒருவனும் உழைப்பை மற்றொருவனும் சுமந்த ஏற்பாட்டைக் காப்பதற்குக் கட்டிய கதையே அது.

தோட்டங்களுக்கு வந்த நம்மவருள் நெல்லறிந்தோர் மிகப் பலர். அவர் கையில் பால்வெட்டும் கத்தி தரப்பட்டது. உண்பதற்குப் பர்மா, சயாம் அரிசி வந்தது. மலாய்க்காரனுக்கு நெல், தமிழனுக்கு ரப்பர் என ஆங்கில ஆட்சி இனவாரியாகத் தொழில் வகுத்தது. அதுவும் ஒருவகை வருணாசிரமமே. நம்மவர்க்குப் பழகிய நுகம். ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரை கப்பலில் அரிசி வருவது அருகியபோது, நெல்லறிந்த அம்மக்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர்தரித்தனர்.

"என் மகன் சேற்றில் கால்வைக்கலாகாது" என்று அக்காலத் தோட்டத் தந்தையர் கூறியதை இகழ்தல் நமக்குத் தகாது. அவர் வெறுத்தது பண்ணையாரை; வாயில் வந்தது சேற்றின் பெயர். சேற்றில் அவருக்கென ஒரு பங்கு இருந்திருப்பின் சொல் வேறாயிருந்திருக்கலாம். பங்கே இல்லையென்றும் கூறுவதற்கில்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தோட்டத் தொழிலாளிக்குப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் ஒரு வீசம் நிலம் விடவேண்டுமென்றது. ஒரு வீசமாவது ஆறேகால் சென்ட். அதற்கும் பட்டா இல்லை. வேலை போயின் லயத்து வீட்டோடு அதனையும் விட்டு வெளியேற வேண்டியதே.