கண்ட குற்றமும் காணாத காரணமும்
(அஞ்செட்டியில் எறிபத்த நாயனார் வரலாறு பற்றி நிகழ்த்திய விரிவுரையின் ஒரு பகுதி)



காவிரியன்னை தமிழ்நாட்டு எல்லையுட் புகும் பிலிகுண்டுலு நும் அஞ்செட்டிக் காட்டிற்கு அணித்தே உள்ளது. மத்திய நீர் ஆணையத்தார் அங்கே நாடோறும் நீரை அளந்து கணக்கெழுதுகின்றனர். ஆண்டொன்றுக்கு 177.25 டி.எம்.சி. நீர் அவ்விடத்தில் வந்து சேர வேண்டுமென்று 2018 பிப்ரவரி 16-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆங்குள்ள அளவுகோல் பொய் கூறாது. எத்துணை நீர் கடந்ததென்று பிழையின்றிக் காட்டும். அந்நீர் குடகில் மழையாய்ப் பெய்ததோ, கபினியிற் பெருகி வழிந்ததோ, ஆணைக்கு அஞ்சி அணையினின்று திறக்கப்பட்டதோ, இடைப்பட்ட காட்டோடைகளின் வெள்ளமோ என்பதை மட்டும் அக்கோல் சொல்லாது. அதனை அறிய விரும்புவோன் ஆற்றை எதிர்த்து மேலே செல்லல் வேண்டும்.

இதனை ஈண்டு எடுத்துக் கூறியதற்குக் காரணம் உண்டு. நேற்று மாலை அடியேன் இவ்வூர்க் கடைத்தெருவில் இருந்தபோது, ஓசூர்த் தொழிற்சாலையொன்றிற் பணிபுரியும் இளைஞர் ஒருவர் தம் கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். பழைய படந்தான், இவ்வூரிற் பலரும் முன்பே கண்டது. அரசியலார் ஒருவர் நடந்து செல்கின்றார், அருகில் வந்த ஒருவர் அவர்மேற் கையிட முயல்கின்றார், அவர் திரும்பி ஓங்கி அறைகின்றார், அவ்வளவே. "ஐயா, இவர் எத்தகையவர் என்பதற்கு இனியும் சான்று வேண்டுமோ?" என்று அவ்விளைஞர் வினாவினார். வினாவில் சினம் இருந்தது; சினத்தினுள்ளே ஒரு மகிழ்ச்சியும் இருந்தது. அம் மகிழ்ச்சியே அடியேனை இரவெல்லாம் உறங்கவொட்டாது செய்தது.

படத்திற் கண்டவர் கருநாடகத்துக் காங்கிரசுத் தலைவர் டி. கே. சிவகுமார். அவருடைய கனகபுரம் தொகுதி நும் வட்டத்தை அடுத்துக் காட்டிற்கு அப்பால் கிடப்பது. 2021 ஜூலையில், நோயுற்றிருந்த முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் மாதேகவுடரைக் காண அவர் மண்டியா மாவட்டத்திற்குச் சென்றபோது நிகழ்ந்தது இது. படத்தை அழித்துவிடுமாறு அவர் செய்தியாளரிடம் கூறினார் என்றும் அந்நாளிற் செய்திகள் வந்தன. மறுகட்சியார் அவரைக் கொடியவரென்றனர். அவரோ, அடிபட்டவர் தம் உறவினர் என்றும், கொரோனா நோய்க்காலத்தில் இடைவெளி காவாது மேலே கையிட வந்தமையால் அடித்ததாகவும், அது தமக்கும் அவருக்கும் இடைப்பட்டதென்றும் விடை கூறினார்.

இனி, நூல்வழி நோக்குவோம். சிவஞான சித்தியார் நூன்முகத்தே அளவையை வைத்தது வீணன்று. எவ்வாறு அறிகின்றோம் என்பதை ஆராயாதவன் எதனை அறிந்தேன் என்று கூறினும் அஃது உறுதியுடைத்தாகாது. காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் காண்டலை முதற்கண் வைத்து, அதனையும் நம் ஆசிரியர்கள் பலவாறு பகுத்தனர். ஒரு பொருள் உண்டு என்னும் அளவாய் நிற்பது நிருவிகற்பக் காட்சி. அதனைப் பெயர், சாதி, குணம், தொழில், பொருள் என்பவற்றோடு கூட்டித் தெளிவது சவிகற்பக் காட்சி. கைபேசி நமக்குக் காட்டியது ஒரு கை எழுந்து ஒருவர்மேல் வீழ்ந்தது என்னும் ஒரு தொழிலை. 'செருக்கன்', 'கொடியன்' என்னும் குணங்களையும் கூட்டிச் சவிகற்பமாக்கியது யார்? நம் மனம். கண் கண்டது சிறிது. மனம் கண்டதாகச் சொல்வது பெரிது.

காண்டலில் இல்லையேல் கருதலிற் பெறலாமே என்று கூறுவாருளர். புகை கண்டு நெருப்பைத் துணிகின்றோம். அடி கண்டு வன்மனத்தைத் துணிதல் ஆகாதோ என்பது அவர் கடா. ஆகாது என்க. புகைக்கும் நெருப்பிற்கும் உள்ள ஒழியாத உடனிகழ்ச்சி அடிக்கும் வன்மத்திற்கும் இல்லை. தாய் அடிக்கின்றாள், ஆசான் அடிக்கின்றான், அஞ்சினவனும் அடிக்கின்றான், இரவெல்லாம் உறங்காதவன் தன் நிழலைக்கூட அடிப்பான். வன்மம் உள்ளவிடத்தும் இல்லாதவிடத்தும் காணப்படும் ஏது அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலியாய் ஒழியும்.

எஞ்சியது உரை. உரையளவைக்கு ஆப்தன் வேண்டும். விருப்பு வெறுப்பின்றி உள்ளது உள்ளவாறு கூறுவோன் வேண்டும். அடித்தவர் கூறிய காரணமும், அவரைப் பழித்த மறுகட்சியார் கூறிய காரணமும் ஒன்றேபோல இத்தகுதி இல்லாதன. 'அவன் என் உறவினன், அது எங்களுக்குள்' என்பதைக் கேட்டவுடனே ஓ, அப்படியோ என்று தெளிவதும் விரைவே. ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. தன்வேதனைக் காட்சி என்றொன்றை நூல் கூறும். ஒருவன் தன் இன்ப துன்பங்களைத் தானே அறிவது. அவ்வறை எத்துணை நோவித்தது, எத்துணை நாணுறுத்தியது, உறவினர் கையென்று பொறுக்கத்தக்கதாய் இருந்ததா என்பதெல்லாம் அடிபட்டவர் ஒருவர்க்கே தெரிந்தவை. நாட்டிலுள்ளார் அனைவரும் பேசினர், அடித்தவரும் பேசினார். பேசவேண்டியவரோ படத்தின் ஓரத்தில் ஒரு கணம் தோன்றி மறைந்தார். அவரைக் கேட்டறிய வேண்டும் என்னும் எண்ணம் நம்முள் எத்துணைப்பேர்க்கு உண்டாயிற்று?

மற்றொரு தடையும் உண்டு. அதனை நும்பால் மறைத்தல் தகாது. மேகதாட்டில் அணை வேண்டுமென்று 2022 ஜனவரியில் நடைப்பயணம் தொடங்கியவர் இவரே. அவ்வணை கருதி இக்கரையில் உள்ளோர்க்கு அவர்பால் உள்ள மனக்குறை யாவரும் அறிந்ததே. அக்குறை நேரிதா அன்றா என்பது வேறு வழக்கு. ஆயினும் அம் மனக்குறையோடு அப்படத்தைக் காண்பவன் கயிற்றைக் கண்டு அரவென்பான். நண்பனோ அரவைக் கண்டு கயிறென்பான். இரண்டும் திரிவுக் காட்சியே.

இனி நாயனார் வரலாற்றுக்கு வருவோம். கருவூர் ஆனிலைத் திருக்கோயிலுக்குப் பூக்கூடை தாங்கிச் செல்கின்றார் சிவகாமியாண்டார் என்னும் முதியவர். மாநவமிக்கு முன்னாள். சோழமன்னரின் பட்டத்து யானை ஆற்றில் நீராடி அணிபுனைந்து மதத்தோடு வருவது, அவரைத் தொடர்ந்து பற்றிப் பூவைப் பறித்துச் சிந்திற்று. பாகர் அதனை விரைந்து கடாவிச் சென்றனர். முதியவர் ஓடித் தொடர முயன்று, மூப்பினால் வீழ்ந்து, நிலத்தை அறைந்து கதறினார். அக்கூக்குரலைக் கேட்டு வந்த எறிபத்தர் யானையைத் தொடர்ந்து சென்று மழுவினால் அதன் துதிக்கையைத் துணித்தார். குத்துக்கோற்காரர் மூவரையும் மேலிருந்த பாகர் இருவரையும் வெட்டி வீழ்த்தினார்.

இவ்விடத்தில் ஒரு கணம் நிற்போம். இதனைத் தெருமுனையிலிருந்து ஒருவன் படம் பிடித்திருந்தால் அதில் என்ன இருக்கும்? சடைமுடியும் மழுவும் உடைய ஒருவர், வாயில்லா விலங்கொன்றையும் பணியாளர் ஐவரையும் நடுத்தெருவில் வெட்டிக் கொல்கின்றார். பூக்கூடை அப்படத்தில் இராது; முதியவர் இரார். அரசனிடம் ஓடிச் சென்றோரும் இத்தகைய செய்தியையே கொண்டு சென்றனர். பட்டத்து யானை பட்டது, பாகரும் பட்டனர் என்றனர். ஏன் என்பது அவர் செய்தியில் இல்லை.

புகழ்ச்சோழர் என்ன செய்தார்? அவரும் முதலில் நம்மைப் போன்றே இருந்தார். செய்தது யார் என்றும் வினவாமல் சினந்து வாயில் கடந்தார். படை பின்னே திரண்டது. சேக்கிழார் இதனை மறைத்திலர். நாயன்மாராகப் போகின்றவர்க்கு இவ்விரைவு தகுமோ என்று அவர் மழுப்பவுமில்லை. அரசர் களத்தை அடைந்து பகைவரைத் தேடினார், பகைவரைக் காணார். மழு தாங்கிய அடியார் ஒருவரே நின்றார். கொன்றவர் இவரே என்று உடனிருந்தோர் சுட்டிய அக்கணத்திலேதான் அரசர் அரசராயினார். பிழை கண்டாலன்றி இவர் கொல்லார், என் யானையே ஏதோ பிழைத்திருத்தல் வேண்டும் என்று எண்ணிப் படையை நிறுத்திக் குதிரையினின்றும் இறங்கினார். அடியேன் பலகாலும் எண்ணி வியப்பது இவ்விறக்கத்தையே. குதிரைமேலிருந்து கேட்கும் வினா தீர்ப்பாய் விழும். இறங்கி நின்றபோதுதான் அது வினாவாகும். நடந்ததைக் கேட்டறிந்த பின்னர், அக்குற்றத்திற்கு யானையும் பாகரும் மட்டும் போதா, என்னையும் கொல்லுக என்று தம் உடைவாளையே நீட்டினார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எறிபத்தர் செய்தது முழுதும் சரி என்று முடித்துவிடலாம். முடியவில்லை. வாளை வாங்காவிடில் அரசர் தம்மையே மாய்த்துக்கொள்வார் என்று அஞ்சி அதனை வாங்கிய எறிபத்தர், இத்தகைய அன்பருடைய யானையையும் பாகரையுமோ கொன்றேன் என்று உளம் நொந்து, அவ்வாளைத் தம் கழுத்திலேயே பூட்டினார். அவரும் ஒன்றை அறியாமலே தீர்த்திருந்தார். யானை செய்ததைக் கண்டார். யானைக்குரியவரின் நெஞ்சைக் காணவில்லை. அறியாது சினந்த அரசரும், அறியாது வெட்டிய அடியாரும் எதிரெதிரே நின்று ஒருவர் கையை ஒருவர் பிடித்த அந்நிலையிலேதான் இறைவன் திருவருள் வெளிப்பட்டது; பட்டார் அனைவரும் எழுந்தனர். மடங்களில் இவ்வரலாற்றைக் கூறுங்கால் மழுவின் வீரத்தையே விரித்துரைத்துக் கழுத்திற் பூட்டிய வாளை விரைந்து கடந்துவிடுகின்றோம். அது நம் குறை.

இனி அடியேன் செய்த பிழை ஒன்றையும் இவ்வவையில் வைக்கின்றேன். 2011 சட்டமன்றத் தேர்தலின்போது, நும் அண்டையிலுள்ள தருமபுரித் தொகுதியின் பரப்புரையில், விசயகாந்து தம் கட்சி வேட்பாளரையே அடித்தார் என்று ஒரு படம் நாடெங்கும் ஓடிற்று. பெயரை மாற்றிக் கூறியதைத் திருத்தப் புகுந்தமையால் அடி வீழ்ந்ததென்றனர். அடியேனும் கண்டேன், நகைத்தேன், உடனிருந்தோரையும் நகைக்கச் செய்தேன். அவ்வேட்பாளர் அத்தேர்தலில் வென்றார்; அடித்தவர் எதிர்க்கட்சித் தலைவரானார். பின்னர் அவர் உடல்நலங்குன்றிச் சொல் தளர்ந்து நடை தளர்ந்தபோதும் நகைப்பு ஓயவில்லை. நோயைக் குடியென்றனர், பலர் நம்பினர். 2023 திசம்பர் 28-ஆம் நாள் அவர் மறைந்தபோது சென்னைத் தெருக்களில் அழுத மக்கட் பெருக்கைக் கண்டேன். அவர் அலுவலகத்தில் வயிறார உண்டவர்கள் ஒருவர் பின் ஒருவராய் வந்து கூறியதைக் கேட்டேன். நேற்று நகைத்த வாய்களே இன்று வள்ளல் என்றன. இதுவும் அடியேற்கு அமைதி தந்திலது. பாதி கண்டு இகழ்ந்தவர் மறுபாதி கண்டு புகழ்ந்தனர். முழுதும் கண்டவர் எவர்? சோறிட்ட கையும் அடித்த கையும் ஒருவருடைய கைகளே. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழித்தல் இயலாது.

ஆதலின், காரணம் தெரிந்தால் குற்றம் நீங்கிவிடும் என்று அடியேன் கூறுவதாக எவரும் கொள்ளற்க. சில வேளைகளிற் காரணம் தெரியத் தெரியக் குற்றம் பெரிதாதலும் உண்டு. 2024 மே மாதத்தில் ஆவேரி மாவட்டத்துச் சவணூரில், தோள்மேற் கையிட்ட தம் கட்சி நகராட்சி உறுப்பினர் ஒருவரைச் சிவகுமார் மீண்டும் அறைந்தது படமாக வந்தது. அப்போது நோய்க்காலமும் இல்லை. முதற்படத்தை மட்டும் கண்டு பொறுத்தவன் இரண்டாவதைக் கண்டு தன் பொறுமையை மறுபடி எடைபோடுதல் முறையே. அதுவும் ஆற்றை எதிர்த்து மேலே செல்லுதலின் ஒரு பகுதிதான். அடித்தல் தவறு என்பதற்குப் புறச்சான்று வேண்டா. ஒவ்வோர் உயிரினுள்ளும் சிவம் உண்டென்பானுக்கு அஃது உடனே விளங்கும். செயலைத் தவறென்றல் ஒன்று. செய்தவனின் உள்ளத்தை இன்னதென்று முடித்தல் வேறு. முன்னது நமக்குரிய கடமை. பின்னது உயிர்க்குயிராய் நின்று வினையறிந்து ஊட்டுவான் ஒருவனுக்கே உரியது. அதனை நாம் கையகப்படுத்தும்போது உண்டாகும் இனிமைக்கு நம் நூல் இட்ட பெயர் ஆணவம். அவ்விளைஞரின் வினாவினுள் அடியேன் கண்ட மகிழ்ச்சி அதுவே. பன்னிரண்டு ஆண்டு தன்னுட் கண்டமையால் அதனை எளிதில் அடையாளம் காண முடிந்தது.

யானையைப் பற்றி நுமக்கு அடியேன் கூறுதல் மிகை. கேழ்வரகு முற்றுங் காலத்தில் கருநாடகக் காட்டினின்றும் இறங்கும் கூட்டங்களை நும் கொல்லைகளிற் காண்கின்றீர்கள். பறையடித்துத் தீப்பந்தம் சுழற்றி யானையை ஓட்டும் உழவனின் படத்தை மட்டும் நகரிலுள்ளோன் கண்டு, இவன் விலங்கை வதைக்கும் கொடியன் என்று எழுதினால் நும் நெஞ்சம் எத்துணைக் கொதிக்கும்? ஓர் இரவில் மிதிபட்டு அழிந்த ஓராண்டுழைப்பு அப்படத்தில் இல்லையே என்பீர்கள். யானையின் பக்கத்து வழக்கும், அதன் வழியிடை எழுந்த வேலிகளும் அப்படத்தில் இல்லைதான். அக்கொதிப்பை மறவாமல் வைத்துக்கொண்டு அடுத்த காணொளியைத் திறமின்.

விரிவுரை முடிந்தபின் அவ்விளைஞர் அடியேனிடம் வந்தார். தாம் அப்படத்தை எத்தனையோ பேர்க்கு அனுப்பியதாகவும், ஒருவரேனும், "அடிபட்டவர் பின்பு என்ன சொன்னார்?" என்று கேட்கவில்லை என்றும் சொன்னார். பிறகு கைபேசியைப் பையில் இட்டுக்கொண்டு, கொல்லைக் காவலுக்கு நேரமாயிற்றென்று பந்தத்தோடு புறப்பட்டார்.

திருச்சிற்றம்பலம்.