ஐம்பத்தேழு நாளை எண்ணியவர்

செஞ்சிக்கு வருவோரில் பெரும்பாலோர் ராஜகிரியின் உச்சிவரை ஏறி, 1677-இல் சிவாஜி செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றிய வரலாற்றையும், மொகலாயப் படை அதை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுக் கிடந்த வரலாற்றையும், 1714-இல் தேசிங்கு ராஜன் பொருது மாண்ட கதையையும் கேட்டுவிட்டு, கால் கடுக்கக் கீழிறங்கிப் பேருந்து ஏறிவிடுகின்றனர். ஊரை விட்டுச் சற்று விலகி நிற்கும் திருநாதர்குன்றை நாடிப் போகிறவர்கள் மிகச் சிலரே. அதனால் குறையொன்றுமில்லை, அக்குன்றுக்கு உரிய அமைதியும் அதனாலேயே கெடாமல் இருக்கிறது. ஏகாந்தம் ஆன்ம லாபத்துக்குச் சாதனமாகுமா என்ற பழைய கேள்வியை எழுப்பிப் பார்ப்பதற்கு, நான் அறிந்தவரையில், அதைவிடத் தகுந்த இடம் இந்தப் பக்கத்தில் வேறில்லை.

வெயிலில் காய்ந்த பெரும்பாறை ஒன்றின் முகப்பில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசைகளில் அமர்ந்திருக்கின்றனர். எட்ட நின்று நோக்குவோருக்கு ஒருவர்க்கும் மற்றவர்க்கும் வேற்றுமை புலப்படாது. வெற்றியும் தோல்வியும் எட்டாத ஒரே நிலையை இருபத்துநான்கு முறை செதுக்கியதுபோல் தோன்றும். கீழே எங்கோ வயலில் ஓடும் பம்புசெட்டின் ஒலி இடைவிடாமல் கேட்டுக்கொண்டேயிருக்கும். கேட்கக் கேட்க அதுவும் மௌனத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. இக்குன்றில் உள்ள பழைய கல்வெட்டு ஒன்று, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த இடம் இது என்று சுருக்கமாகச் சொல்லி நின்றுவிடுகிறது. அது சுமார் 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததென்பது எழுத்தமைதி கண்ட அறிஞர்களின் கணிப்பு. அவர் எந்த ஊரில் பிறந்தார், எவரிடம் பயின்றார், இறுதியில் என்ன பேசினார் என்பவற்றில் ஒன்றேனும் அதில் இல்லை. பெயரும் எண்ணிக்கையுமே எஞ்சியிருக்கின்றன.

அந்த எண்ணிக்கைதான் என் சிந்தனையைப் பிடித்து நிறுத்தியது. உடலையே துறக்கத் துணிந்தவர் நாளை எண்ணிக்கொண்டா இருந்திருப்பார்? எண்ணினார் என்றே வைத்துக்கொண்டாலும், இறுதி நாளை அவர் தாமே கல்லில் பொறித்திருக்க முடியாது. ஆகவே, ஒவ்வொரு வைகறையிலும் அவர் முகத்தை நோக்கி, மூச்சு இருக்கிறதென்று கண்டு, மனத்தில் ஒன்றைக் கூட்டிக்கொண்ட ஒருவர் அங்கே இருந்தார். பின்னர் உளியை எடுத்த ஒருவரும் இருந்தார். சமண மரபில் சல்லேகனை என்னும் இந்நோன்பு எவரும் தம் மனம்போல் மேற்கொள்வதன்று. குருவின் அனுமதி வேண்டும். நோற்பவரின் சித்தம் கலங்காதபடி அருகிருந்து காக்கும் நிர்யாபக ஆசிரியர் என்பவரும் வேண்டும். (இது தற்கொலையாகுமா என்ற வழக்கு நம் காலத்திலும் எழுந்தது, ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் ஆகும் என்று கூற, அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. அந்த விவாதத்துக்குள் நான் இங்கே புகவில்லை.) பல தலைமுறைகளுக்குப் பின் இளைய பட்டாரர் என்பவர் இதே குன்றைத் தேடி வந்து முப்பது நாள் நோன்பிருந்து முடிந்தார் என்று மற்றொரு கல்வெட்டு கூறுவதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பாறை எக்காலத்திலும் தனித்த இடமாக இருந்ததேயில்லை என்று தோன்றுகிறது.

இங்கே ஒரு முரண் இருப்பதுபோல் தெரியும். சமணர் பயிலும் பன்னிரு பாவனைகளுள் ஒன்று, உயிர் தனியே பிறந்து தனியே இறந்து தன் வினையைத் தானே நுகர்கிறது என்று இடையறாது எண்ணுவது. அதே சமயத்தில், ஒன்றுக்கொன்று உதவி நிற்பதே உயிர்களின் இயல்பு என்று தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாதி வகுத்திருக்கிறார். இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்பது எளிதன்று. ஆயினும் பசியைப் பிறர் பங்கிட்டுக்கொள்ள இயலாது, பசித்தவர் அருகில் அமர்ந்திருக்க மட்டும் இயலும் என்பதை அந்த முகம் தெரியாத சீடர் ஐம்பத்தேழு நாளும் கண்ணாரக் கண்டிருப்பார். தனிமையின் உண்மை நோற்றவருக்கு விளங்கிய அளவு அவருக்கும் விளங்கியிருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

இக்காலத்தில் ஜப்பானின் தொலைதூரத் தீவுகளுக்குத் துணையின்றிப் பிரயாணம் செய்து, பேச்சற்ற சில நாட்களைக் கழித்துத் திரும்புவதில் பலருக்கு விருப்பம் உண்டாகியிருக்கிறது. அதைப் பரிகசிக்க எனக்கு மனமில்லை. சந்தடியில் அலைக்கழியும் மனத்துக்கு அது மருந்தாகவும் கூடும். ஆனால் அத்தகைய தீவுகளுள் ஒன்றாகிய சாடோ, முற்காலத்தில் அரசாங்கம் தனக்கு ஆகாதவர்களை அனுப்பிவைத்த நாடுகடத்தல் நிலமாக இருந்தது. நிசிரென் என்னும் பௌத்தத் துறவி 1271-இல் அங்கே கொண்டுபோய் விடப்பட்டு, இடுகாட்டை அடுத்த பாழ்ங்குடில் ஒன்றில், பனி உள்ளே வந்து விழ, முதற் குளிர்காலத்தைக் கழித்தார். 1274-இல் விடுதலை பெறும்வரை, தம் சமயக் கொள்கையின் முக்கிய நூல்கள் சிலவற்றை அவர் இயற்றியதும் அத்தீவில்தான். அந்த ஏகாந்தத்தில் அவர் உயிர் தரித்திருந்தது எவ்வாறு என்றால், அபுட்சுபோ என்ற முதியவரும் அவர் மனைவியும் காவலர் கண்ணுக்குத் தப்பி இரவில் உணவு கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று நிசிரென் வழிவந்தோர் சொல்வர். நிசிரென் பின்னர் மினோபு மலையில் ஒதுங்கி வாழத் தொடங்கிய காலத்திலும் அந்த முதியவர் அவரைத் தனியே விட்டுவிடவில்லை. தள்ளாத வயதில் கடலைக் கடந்து, பல நாள் வழி நடந்து, ஒரு முறைக்கு மேலும் அங்கே போய் அவரைக் கண்டு வந்தார்.