இரவல் குரல்

சொல்லை யாரும் இரவல் வாங்கலாம். குரலை வாங்க முடியாது. இது தத்துவவாதிகளுக்கு எட்டியதோ இல்லையோ, ஆட்சியாளர்களுக்கு நன்றாகவே தெரியும்.

1988 அக்டோபரில் பிரிட்டனின் தாட்சர் அரசு ஒரு விசித்திரமான தடை போட்டது. வட அயர்லாந்து வன்முறையோடு தொடர்புள்ளவை என்று அரசு கருதிய அமைப்புகளின் பிரதிநிதிகள் குரல் டிவியிலும் ரேடியோவிலும் ஒலிக்கக் கூடாது. சின் ஃபெயின் கட்சித் தலைவர் ஜெர்ரி ஆடம்ஸும் அதில் மாட்டினார். முகத்தைக் காட்டலாம். சொன்னதை அப்படியே இன்னொருவர் சொல்லலாம். குரல் மட்டும் கூடாது! சேனல்கள் நடிகர்களை அழைத்து டப்பிங் செய்தன. திரையில் ஆடம்ஸின் உதடு அசையும். கேட்பது ஸ்டீபன் ரே போன்ற தேர்ந்த நடிகரின் குரல். தேர்தல் பிரசாரத்துக்கு விலக்கு உண்டு. ஓட்டுக் கேட்கும்வரை குரல் வெளியே. ஓட்டுப் போட்டு முடிந்ததும் உள்ளே. 1994 செப்டம்பர் வரை இந்தக் கூத்து நடந்தது.

சொல் அத்தனையும் போய்ச் சேர்ந்ததே, பிறகு தடுத்தது எதை?

குரல் விலங்குக்கும் உண்டு, நியாய அநியாயம் பேசும் மொழிதான் மனிதனுக்கே உரியது என்றார் அரிஸ்டாட்டில். அரசியலை அவர் மொழியில் கண்டார். இத்தாலியச் சிந்தனையாளர் அட்ரியானா கவரேரோ 2003இல் எழுதிய நூலில் குரலின் பக்கம் நின்றார். ஒரு குரல்போல் இன்னொன்று இல்லை. என்ன சொல்கிறார் என்பது புரியுமுன்பே, இன்னார் இங்கே இருக்கிறார் என்று குரல் அறிவித்துவிடுகிறது. அந்த இருப்பைத்தான் தாட்சர் அரசு திரையிலிருந்து கழிக்கப் பார்த்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

தடை எப்போதும் பகையோடு வருவதில்லை. அன்போடும் வரும். "அம்மாவுக்கு ஒண்ணும் வேணாமாம்" என்கிறோம். அம்மா பக்கத்து அறையில்தான் இருக்கிறார். ஊராட்சித் தலைவியிடம் கேள்வி கேட்டால் கணவர் பதில் சொல்கிறார். நல்லெண்ணம்தான். ஆனாலும் டப்பிங்.

இன்று நீங்களும் யாருக்காகவோ பேச வாயெடுப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அவர் அங்கேயே இருந்தால் அவரையே கேளுங்கள். தடுமாறுவார், சுற்றி வளைப்பார், நீங்கள் நினைத்ததற்கு நேர்மாறாகக்கூடச் சொல்லிவைப்பார். சொல்லட்டுமே.